ஒரு தட்டு ஆமாம், இரு தட்டு இல்லை

சுவர்க்கடிகாரம் பத்து அடிக்க ஆரம்பித்ததும் தர்சோனோ விசையைத் தட்டியதும் ஒன்றாக நடந்தன. கடிகாரம் பத்தையும் அடித்து முடித்தது. திரை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இன்னொரு முறை தட்டினான். ஓர் எழுத்துகூட ஏறவில்லை. முன்ஜாக்கிரதையாகப் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்த இரண்டாவது இணைப்புக்குத் தாவினான். அதுவும் செத்துக் கிடந்தது.

"விக்!" என்று குரல் கொடுத்தான்.

அடுப்படியில் சோயாக் கட்டியான தெம்பேயைப் பொரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி விவிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாவா வழக்கப்படி மரியாதைக்கு அவனை 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவாள். "என்ன மாஸ், மறுபடியும் கதவைச் சாத்திட்டு வெளிய நின்னுட்டீங்களா?"

"சாத்தல. சாத்தின மாதிரி இருக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பத்து நிமிஷம்" என்றான் தர்சோனோ. "பத்து நிமிஷத்துல தானா திறக்கும். அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

அவன் உட்கார்ந்திருந்தது சுராபாயாவில், தன் வீட்டுக் கூடத்தில். அவன் தட்டியதெல்லாம் போய் விழுந்த சர்வர் இருந்ததோ கடலுக்கு அந்தப் பக்கம், பாலித் தீவில், சானூர் கரையோரத்தில் இபு மிராவின் படகுக் கம்பெனி அலுவலகத்தில். டிக்கெட் விற்பது, இடம் ஒதுக்குவது, யார் எந்தப் படகில் போகிறார் என்று சொல்வது எல்லாம் அந்த ஒரே பெட்டிதான். ஒரு மாதமாக யாரோ முகம் தெரியாதவர்கள் அதன் உள்வாசலை ராப்பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபயர்வாலை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று முதலாளியம்மா இபு மிரா சொல்லிவிட்டாள்.

வெளியூரிலிருந்து ஃபயர்வாலை மாற்றுவது ஒரு விசித்திரமான வேலை. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் காவல்காரனிடம், "இனிமேல் கண்டவனையும் உள்ளே விடாதே" என்று உத்தரவு போடுவது போல. காவல்காரன் கெட்டிக்காரனாக இருந்தால் முதலில் தடுப்பது உத்தரவு போட்டவனைத்தான். இது தர்சோனோவுக்கு ஏற்கெனவே ஒரு முறை நடந்தது. கலுங்கான் பண்டிகைக்கு முந்தைய வாரம் இதே சர்வரில் தன்னைத்தானே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டான். அடித்துப் பிடித்து விமானம் ஏறிப் போய், ஒரே ஒரு வரியை அழித்துவிட்டு, அலுவலகத்துச் சிப்பந்திகள் சிரிக்கச் சிரிக்கத் திரும்பி வந்தான்.

அன்று இபு மிரா சிரிக்கவில்லை. "தர்சோனோ, இன்னொரு தரம் மிஷினைத் தொடறதுக்காக நீ கடல் தாண்டி இங்க வர்றதா இருந்தா, ஒப்பந்தத்தையும் கையோட கொண்டு வந்து குடுத்துட்டுப் போயிடு. என் அக்கா பையன் குஸ்தே கம்ப்யூட்டர் படிச்சிட்டு வீட்ல சும்மாதான் இருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

தர்சோனோவின் மற்ற வாடிக்கையாளர்கள் ஒரு பல் டாக்டரும் இரண்டு ரொட்டிக் கடைகளும். இபு மிரா போய்விட்டால் வீடு ஓடாது. அதைவிட, அந்தக் குஸ்தேயிடம் வேலையைத் தூக்கிக் கொடுப்பதை நினைத்தாலே அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டான்.

நாள் பார்த்ததிலேயே அவன் சாமர்த்தியம் தெரியும். நியெப்பி நாள். பாலித் தீவே விளக்கை அணைத்து, அடுப்பை அவித்து, வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் நாள். மறுநாள் காலை ஆறு மணி வரை ஒருவரும் தெருவில் கால் வைக்கக் கூடாது. படகு கிடையாது, விமானம் கிடையாது, அலுவலகத்தில் ஈ காக்கை இருக்காது. பரிசோதனைக்கு இதைவிட நல்ல நாள் ஆண்டு முழுக்கத் தேடினாலும் அகப்படாது. ஒரே நிபந்தனை, மாலை நாலு மணிக்குத் தீவுக்கு வெளியே இருக்கும் ஏஜென்டுகளுக்கு விற்பனை திறந்தாக வேண்டும். மறுநாளிலிருந்து ஓடும் படகுகளுக்கு ஜகார்த்தாவிலிருந்தெல்லாம் பேய்க் கூட்டம் காத்திருக்கும்.

பாதுகாப்பும் மூன்றடுக்கு. முதலாவது, அந்த இரண்டாவது இணைப்பு. இரண்டாவது, சர்வருக்குள்ளேயே ஒரு மீட்புக் கட்டளை. தான் மாட்டிக்கொண்டால் பத்து பத்துக்கு அதுவே பழைய விதிகளைத் திரும்பப் போட்டுவிடும். மூன்றாவது, 'பாக்' என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் நெங்கா. சானூர் அலுவலகத்தின் வாட்ச்மேன். குடியிருப்பதும் அதே வளாகத்துக்குள்தான். முந்தாநாளே அவரைக் கூப்பிட்டுத் தர்சோனோ பேசி வைத்திருந்தான்.

"பாக், நியெப்பி அன்னிக்குப் பதினோரு மணிக்குள்ள என்கிட்டேயிருந்து போன் வரலைன்னா, நான் மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம். நீங்க போய் மிஷின் பிளக்கை உருவி, இருபது எண்ணி, திரும்பச் சொருகிடணும். அணைஞ்சு எழுந்தா அது பழைய விதிகளோட எழுந்துடும். அவ்வளவுதான்."

"சரி மாஸ், ஆனா..."

"ஆனாவெல்லாம் ஒண்ணும் இல்ல பாக். பயப்படாதீங்க. தேவையே படாது" என்று சொல்லித் தர்சோனோ போனை வைத்துவிட்டான். அவ்வளவு நம்பிக்கை.

பத்து பத்து ஆயிற்று. திரை அசையவில்லை. பத்தே கால் ஆயிற்று. விவிக் தெம்பேயையும் சட்னியையும் கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிட்டு, நின்றபடியே அவனைப் பார்த்தாள்.

"திறந்துடுச்சா?"

"திறக்கும்."

"மணி கேட்டுச்சா அதுகிட்ட?"

"எதுகிட்ட?"

"உங்க மிஷின்கிட்டத்தான். அதுக்கு மணி தெரியுமான்னு கேக்கறேன். பாலில, தென்பசார்ல இருக்கற என் அக்காவுக்கு நீங்க எப்ப போன் பண்ணினாலும், 'இந்த நேரத்துல ஏன்டா'ன்னு திட்டறா. ஒரு மணி நேரம் முன்னாடி ஓடற ஊருன்னு இன்னும் உங்களுக்கு மண்டைல ஏறல."

தர்சோனோ கையிலெடுத்த தெம்பேயை வாய்க்குக் கொண்டு போகாமல் அப்படியே நிறுத்தினான்.

பாலியில் ஒரு மணி நேரம் முன்னால். சர்வர் இருப்பது பாலியில். அவன் "பத்து பத்துக்கு மீட்டுவிடு" என்று கட்டளை எழுதியபோது சர்வரின் கடிகாரத்தில் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து பத்து தாண்டிப் போய்விட்டதால், சர்வர் என்ன நினைத்திருக்கும்? ஐயா நாளைக்குப் பத்து பத்தைச் சொல்கிறார் என்று நினைத்திருக்கும். சொன்ன சொல் தவறாமல் நாளைக்குப் பத்து பத்துக்குத் திறந்தும் விடும்.

"அடக் கடவுளே!" என்றான்.

"நாளைக்கா?" என்று விவிக் சரியாகக் கேட்டாள். பத்து வருடம் ஒரு கம்ப்யூட்டர்காரனோடு குடும்பம் நடத்தியவள்.

"சரி, விடு. தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி." அவன் முகத்தில் வியர்வை அரும்பியிருந்தாலும் குரலில் உறுதி இருந்தது. வெளியிலிருந்து எல்லா வழியிலும் சர்வரைத் தட்டிப் பார்த்தான். எந்தக் கதவும் திறக்கவில்லை. "உயிரோடு இருக்கிறாயா" என்று கேட்டால் "இருக்கிறேன்" என்றுகூடப் பதில் இல்லை. இத்தனை களேபரத்திலும் தர்சோனோவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். "பாரு விக், என்ன ஒரு சுவர்! ஈ கூட நுழைய முடியாது. நான் கட்டினது."

"நீங்களும் நுழைய முடியல."

"அதான் சொல்றேன், அவ்வளவு கெட்டி. சரி, பாக் நெங்கா இருக்காரு. பதினொண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கு. எதுக்கும் இப்பவே கூப்பிட்டு ஞாபகப்படுத்திடறேன்."

போன் மணி அடித்தது. எடுக்கப்பட்டது. ஆனால் குரல் வரவில்லை.

"பாக்? தர்சோனோ பேசறேன். கேக்குதா?"

டொக் என்று ஒரு சத்தம். மரத்தில் விரல் மடக்கித் தட்டிய மாதிரி.

"பாக், லைன் சரியில்லையா? பேசுங்க."

டொக், டொக்.

விவிக் குனிந்து காதைக் கொடுத்தாள். "இன்னிக்கு நியெப்பி இல்ல? மௌன விரதம் இருப்பாரு. பேச மாட்டாரு."

"பாக், மௌன விரதமா?"

டொக்.

"புரிஞ்சுது, புரிஞ்சுது! ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்ல. சரிதானே?"

டொக்.

தர்சோனோ போனின் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தான். "பாக், அந்தப் பதினோரு மணி விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

டொக்.

"நல்ல மனுஷன்! பதினொண்ணு வரைக்கும் காத்திருக்க வேணாம் பாக். இப்பவே போய் உருவிடறீங்களா?"

டொக், டொக்.

"சரி, பதினோரு மணிக்கே உருவுங்க."

டொக், டொக்.

தர்சோனோ விவிக்கைப் பார்த்தான். விவிக் தோளைக் குலுக்கினாள்.

"என்ன பாக் இது? முந்தாநாள் சரின்னீங்களே?"

டொக்.

"இப்ப உருவ மாட்டீங்களா?"

டொக்.

"நோன்பு நாள்ங்கறதாலயா?"

கொஞ்சம் யோசனை. பிறகு ஒரு டொக். அதோடு ஒட்டினாற்போல் இன்னும் ஒரு டொக்.

"ஆமாவா, இல்லையா? ரெண்டும்கெட்டான் பதில் சொல்லாதீங்க பாக். சரி, நேரா கேக்கறேன். ஒரு பிளக்கை உருவறது பாவமா?"

டொக், டொக். சந்தேகத்துக்கு இடமில்லாத இரண்டு.

"பாவம் இல்ல! அப்பாடா! அப்ப போய் உருவுங்க."

டொக், டொக்.

"பாவமும் இல்ல, ஆனா உருவவும் மாட்டீங்க?"

டொக்.

விவிக் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானை மாதிரி துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். "எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கூட இவ்வளவு தெளிவாப் பேச மாட்டாரு. மாஸ், மிஷின் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை அவர்கிட்ட கேளுங்களேன்."

"அதை அவர்கிட்ட ஏன் கேக்கணும்? பூட்டினவன் நான். எனக்குத் தெரியாதா எப்படி இருக்குன்னு?" தர்சோனோ போனை நோக்கிக் குனிந்தான். "பாக், உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாரு. மூச்சு விடறதுகூட ஒரு வேலைதான். அதை நிறுத்திட்டீங்களா? ஒரே ஒரு பிளக்கு. என் பொழப்பே அதுலதான் தொங்குது."

 மேசையே உடைகிற மாதிரி தட்டல் ஆரம்பித்தது. டொக் டொக் டொக் டொக் என்று நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. தர்சோனோ நடுவில் "பாக்? பாக்?" என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான். முடிந்தது. சற்று விட்டு, மறுபடியும் அதே மாதிரி நீளமாக ஒரு தட்டல். இணைப்பு அறுந்தது.

"கோவம் வந்துடுச்சு மனுஷனுக்கு. சாமியை இழுத்திருக்கக் கூடாது" என்றான் தர்சோனோ.

"கோவமா தெரியல. ரெண்டு தடவையும் பத்துக்கு மேல தட்டினாரு. ஏதோ சொல்ல வர்றாரு. எண்ணிப் பார்த்தீங்களா?"

"திட்டறதை எதுக்கு எண்ணணும்?"

மறுபடி கூப்பிட்டான். நெங்கா எடுக்கவில்லை. இபு மிராவுக்குப் போட்டான். அவள் கைப்பேசியை அணைத்துவிட்டுப் பூசையறையில் உட்கார்ந்திருப்பாள். சுவர்க்கடிகாரம் பதினொன்று அடித்தது. திரையையே பார்த்தான். பன்னிரண்டு அடித்தது. பார்த்தான். நெங்கா உருவவில்லை.

தர்சோனோ பயந்தான். மனதுக்குள் இபு மிரா ஒப்பந்தத்தைக் கேட்டுக் கையை நீட்டினாள். அவள் பின்னால் குஸ்தே தலைசீவிக்கொண்டு நின்றான். ஆனால் பயந்தால் ஓடிப்போகிற ஆள் இல்லை அவன். பயந்தால் இன்னும் இரண்டு வேலை சேர்த்துச் செய்கிற ஆள்.

"நாலு மணிக்கு விற்பனை திறக்கணும். அவ்வளவுதானே? திறக்கறேன்" என்றான்.

மேசைக்கடியில் உதிரியாக ஒரு பெட்டி கிடந்தது. ஒவ்வொரு ராத்திரியும் சானூர் சர்வரின் நகல் ஒன்று தானாக அதில் வந்து விழும். அந்த நகலை எழுப்பி, டிக்கெட் வலைத்தளத்தின் முகவரியை இதன் பக்கம் திருப்பிவிட்டால் ஏஜென்டுகளுக்கு வித்தியாசமே தெரியாது. நாளைக்கு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பகல் முழுக்கத் தலைநிமிராமல் உழைத்தான். நாலு மணி அடித்தபோது கடை சுராபாயாவில், அவன் காலடியில் திறந்தது.

விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஏஜென்டுகள் முண்டியடித்தார்கள். தர்சோனோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "விக், இங்க வா. முதல் படகு நிரம்பிடுச்சு. ரெண்டாவதும் பாதி போயிடுச்சு. எவன் எவனோ வாட்ச்மேனை நம்பிக்கிட்டு இருப்பான். நான் என்னை நம்பறேன்" என்றான்.

விவிக் எட்டிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "முதல் படகா? அதுல எப்படி மாஸ் இடம் இருந்துச்சு?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"நேத்து சாயங்காலமே அக்கா டிக்கெட் கேட்டிருக்கா. நாளைக்கு மூணு படகும் நிரம்பிப்போச்சு, ஊரே அடிச்சுப் பிடிச்சு வாங்கிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களே."

தர்சோனோ நகலின் தேதியைப் பார்த்தான். அது நேற்றைய நகல் இல்லை, முந்தாநாள் நகல். நேற்று ராத்திரி நகல் வரவே இல்லை. ஏன் வரவில்லை? பரிசோதனைக்குக் குறுக்கே எதுவும் வந்துவிடக் கூடாதே என்று அவனே கையோடு நிறுத்தி வைத்திருந்தான். ஆக, நேற்று விற்றுத் தீர்ந்த இடங்களெல்லாம் அவன் காலடியில் புத்தம் புதிதாக மறுபடியும் விற்பனையாகிக்கொண்டிருந்தன.

"ஒரே சீட்ல ரெண்டு பேரா?" என்றாள் விவிக் மெதுவாக.

"இன்னும் இல்ல. இதோ நிறுத்தறேன்."

உதிரிப் பெட்டியின் ஃபயர்வாலில் கடைக்கதவைச் சாத்த ஒரு விதி எழுதினான். எழுதிய கை அதோடு நிற்கவில்லை. காலையில் பட்ட பாடு நினைவில் இருந்ததால் ஒரு மீட்புக் கட்டளையையும் சேர்த்தது. இந்த முறை எந்த ஊர் மணியும் வேண்டாம், "இப்போதிலிருந்து பத்து நிமிடம்" என்றே எழுதினான். கதவு கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. விற்பனை நின்றது. பாதி நாள் பட்டினி கிடந்தவன் அப்போதுதான் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான்.

ஆறிப்போன தெம்பேயை ரசித்துச் சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். "பார்த்தியா, பதட்டப்படாம யோசிச்சா எல்லாம் நடக்கும்" என்று விவிக்குக்கு உபதேசமும் செய்தான். கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மூன்று படகும் நிரம்பியிருந்தன.

மீட்புக் கட்டளை சொன்னபடி பத்தாவது நிமிடத்தில் பழைய விதிகளைத் திரும்பப் போட்டுக் கதவை அகலமாகத் திறந்து விட்டிருந்தது. அன்றைக்கெல்லாம் அவன் செய்த ஏற்பாடுகளில் அது ஒன்றுதான் சொன்னபடி நடந்தது.

தர்சோனோ நாற்காலியைத் தள்ளினான். மேசைக்கடியில் தவழ்ந்து போய் உதிரிப் பெட்டியின் பிளக்கைப் பிடித்து உருவினான்.

"இதைச் செய்யறதுக்கா இத்தனை படிப்பு?" என்றாள் விவிக். பிறகு அவன் தவழ்ந்து வெளியே வந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"போகப் போறேன்."

"எங்க?"

"சானூருக்கு. இன்னிக்கு ரயில்ல கெத்தாபாங் துறை வரைக்கும் போனா, காலைல முதல் ஃபெர்ரியைப் பிடிச்சுடலாம்."

"போய்ச் சேர முற்பகல் ஆயிடும். அதுக்குள்ள படகுல ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்திருப்பாங்க. அதோட, மிஷினைத் தொட வந்தா ஒப்பந்தத்தையும் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க இபு மிரா."

"தெரியும்." தர்சோனோ எழுந்து அலமாரியைத் திறந்தான். ஒப்பந்தத்தை எடுத்துப் பையில் வைத்தான். "பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கல விக். பூட்டினது நான். ரெண்டு தடவை வித்தது நான். அந்த ஜனங்க முன்னாடி நானே போய் நின்னு சொல்றேன். குஸ்தே வாய்ல இதைக் கேக்கறதைவிட அது மேல்."

விவிக் எழுந்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் வாழையிலையில் இரண்டு பொட்டலம் சோறு கட்டினாள்.

"ரெண்டு எதுக்கு?"

"நானும் வர்றேன். கல்யாணம் ஆனதிலேருந்து பாலிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். இப்படியாவது போவோம்."

விடியும் நேரத்தில் கெத்தாபாங் துறையில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் வரிசை கட்டி நின்றன. ஜலசந்திக்கு அந்தப் பக்கம் பாலி இருட்டாக, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் படுத்திருந்தது. தர்சோனோ பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பயணிகளிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "மன்னிக்கவும்" என்ற முதல் வார்த்தை நன்றாகத்தான் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

கைப்பேசி அடித்தது.

"அஞ்சு மணிக்கு யாரு?" என்றான்.

"அங்க ஆறு" என்றாள் விவிக், கொட்டாவி விட்டபடி.

இபு மிரா. தர்சோனோ எழுந்து நின்றே எடுத்தான். அவள் ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்கு முன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பூட்டியது, மணி தப்பியது, முந்தாநாள் நகல், இரட்டை விற்பனை, சாத்திய கதவு திறந்துகொண்டது, எதையும் விடவில்லை. "ஒப்பந்தத்தைக் கையோட கொண்டு வர்றேன் இபு. குஸ்தே கிட்டயே குடுத்துடுங்க. ஆனா அந்தப் பயணிங்ககிட்ட நானே பேசறேன். அதை மட்டும் எனக்கு விடுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "குஸ்தேயா? அவன் நேத்து விரதம் தாங்காம பின்பக்கமா ஒளிஞ்சு நூடுல்ஸ் தின்னு காவல்காரங்ககிட்ட மாட்டிக்கிட்டான். அவன் பேச்சை எடுக்காதே. ரெண்டு மடங்கு ஆளா வர்றாங்க? வரட்டும். பக்கத்துத் துறையில என் தம்பிக்கு மூணு படகு இருக்கு, எல்லாத்தையும் எடுத்துக்கறேன். நீ வர்ற வரைக்கும் எதையும் கிளப்ப மாட்டேன், ஆனா யாரு எந்தப் படகுன்னு நீ வந்து நின்னு பிரிச்சு ஏத்தணும். திட்டறவங்க திட்டையெல்லாம் நீயே வாங்கிக்கணும்."

"கண்டிப்பா இபு. அப்ப... ஒப்பந்தம்?"

"மிஷினைத் தொட வந்தாத்தானே குடுத்துட்டுப் போகச் சொன்னேன்? நீ ஆளை ஏத்தத்தானே வர்றே? பையிலயே வச்சிக்கோ."

தர்சோனோவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான். "ஆனா இபு, மிஷினையும் தொட்டாத்தானே ஆகும்? பத்து பத்து வரைக்கும் அது யாரையும் உள்ள விடாதே?"

"என்ன உளர்றே? மிஷின் முன்னாடிதான் நிக்கறேன். நல்லா ஓடுது. நேத்து வித்த கணக்கெல்லாம் அப்படியே இருக்கு."

"ஓடுதா? யாரு சரி பண்ணினது?"

"எனக்கென்ன தெரியும்? நெங்கா பக்கத்துலதான் நிக்கறாரு, உன்கிட்டப் பேசணும்னு ராத்திரி பூரா துடிச்சாராம். இந்தா, குடுக்கறேன்."

ஒரு முழு நாள் பேசாத தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"என்னை மன்னிச்சுக்குங்க மாஸ், நீங்க சொன்ன மாதிரியே நேத்து எங்க மணிக்குப் பதினொண்ணு அடிச்சதும், உங்க போன் வரலையேன்னு அந்த நிமிஷமே பிளக்கை உருவிட்டேன், அணைக்கறது நோன்புக்கு அடக்கம், திரும்பச் சொருகினா விளக்கேத்தின பாவம் ஆயிடுமேன்னு இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் காத்துக்கிட்டிருந்து இப்பதான் சொருகினேன், அதைச் சொல்லத்தானே ரெண்டு தடவையும் பதினோரு தட்டு தட்டினேன், நீங்க எண்ணலையா?"